ஆடியில் மெலியும் ஆறு

வியாழக்கிழமை, ஆறு மணி பத்து.
வெருலம் பாலத்துக்குக் கீழே
உம்ட்லோட்டி எனக்குக் கணுக்கால் அளவு.
போன ஆண்டு இதே கல்லில் நின்றபோது
முட்டிக்கு மேலேறி பூட்ஸுக்குள் புகுந்தது.

வெளிச்சம் வருமுன் வந்துவிட வேண்டும்.
பகலில் பாசி மூச்சு விடும்,
மீட்டர் ஆற்றுக்கு நல்ல பேர் கொடுக்கும்.
அதே பாசி இரவெல்லாம்
இருந்த காற்றைத் தின்று தீர்ப்பதை
விடியலில்தான் கையும் களவுமாய்ப் பிடிக்கலாம்.
கரைந்த ஆக்சிஜன், லிட்டருக்கு
இரண்டு புள்ளி ஒன்று மில்லிகிராம்.
கெளுத்திகள் வாயை வானுக்குத் திறந்து
தண்ணீரில் இருந்தபடியே
தண்ணீரை விட்டு வெளியேறப் பார்க்கின்றன.

ஐஸ் பெட்டியோடு ஹ்லெங்கிவே.
ஐநூறு மில்லி சீசா. மூடியின் உட்புறம் விரல் படக்கூடாது,
சீசாவின் வாய் ஓட்டத்தை எதிர்கொள்ள வேண்டும்.
"ஓட்டம் எந்தப் பக்கம்?" என்கிறாள்.
காய்ந்த கரும்புச் சோகையைக் கிள்ளிப் போட்டேன்.
யோசித்தது.
ரொம்ப நேரம் யோசித்து
கடல் பக்கமாய்த் திரும்பியது.

சாய ஆலை மேலாளர் சொன்னதில் பொய் இல்லை:
"ஒரு சொட்டுக்கூடக் கூட்டவில்லை, மிஸ் வீரன்.
அதே குழாய். அதே அளவு. அதே பர்மிட்."
ஆறு என்றைக்கும் ஆறாகவே இருக்கும் என்று
நம்பியவர்கள் எழுதிய பர்மிட்.
ஊர்க் கழிவுநீர் நிலையமும் அப்படித்தான்,
ஒழுங்கு தவறாத பிள்ளை.
மழைக்காலத்தில் ஆற்றில் அது ஒரு பங்கு.
இப்போது அதில்
ஆறு ஒரு பங்கு.

அக்கரையில் இரண்டு பெண்கள் இருபது லிட்டர் கேன்களோடு.
ஹ்லெங்கிவே ஜூலுவில் ஏதோ கூவ
அவர்கள் சிரித்தார்கள்.
"என்ன சொன்னாய்?"
"குடிக்க வேண்டாம் என்றேன்."
"அவர்கள்?"
"செவ்வாய்க்கிழமை டேங்கர் வரவில்லையாம்.
அந்தம்மா பெட்டியில் நல்ல தண்ணீர் இருந்தால்
கொடுத்துவிட்டுப் போகட்டும் என்கிறார்கள்."
பெட்டியில் அவர்களுடைய ஆறுதான்
பன்னிரண்டு சீசாவில், லேபிள் ஒட்டி.

கோயில் செயலாளர் குப்பன் ரெட்டி போன் செய்தார்.
"ஞாயிறு ஆடிக்கூழ். கரகம் ஆத்தங்கரையிலதான் ஜோடிக்கணும்.
தண்ணி எப்படிம்மா?"
எண்ணைச் சொன்னேன்.
எண் வேண்டாம் என்றார்.
"காய்ச்சினா?"

காய்ச்சினால் கிருமி சாகும், ஐயா.
உப்பும் நைட்ரேட்டும் சாகாது,
ஆவி போகப் போக அடியில் இறுகும்.
மார்ச்சிலிருந்து வானம் செய்வதும் அதைத்தான்,
மூடி போடாமல்
சிறு தீயில்.

பஞ்சாங்கத்தில் ஆடி, பெருக்கு மாதம்.
அது வேறோர் ஆற்றைப் பார்த்து எழுதியது.
கப்பலில் வந்தவர்கள் மாதத்தைக் கொண்டுவந்தார்கள்;
மழையை மூட்டை கட்ட முடியவில்லை.
இங்கே ஆடி குளிர்காலம்.
கரும்பு எரிந்த சாம்பல் துணிக்கொடியில் விழும்,
ஆறு விலா எலும்புகளைக் காட்டும்.

ஞாயிறு.
செம்பு நிறையக் குழாய்த் தண்ணீரைக் காரில் கொண்டுவந்து
கரையில் வைத்து, வேப்பிலை செருகினார்கள்.
பூசாரி முதல் கை தண்ணீரை
ஆற்றுக்கு ஊற்றினார்.
பையில் மீட்டர் இருந்தது. கை தானாய் எடுத்தது.
எண் அசையவில்லை.
யாருக்கும் சொல்லவில்லை.

"தாயே, மழை கொடு" என்று கூழ் ஊற்றினார்கள்.
நானும் கும்பிட்டேன், பாதி மனதோடு.
ஐந்து மாதமாய்க் கரையில் காய்ந்து கிடப்பதெல்லாம்,
டயர், மலம், எண்ணெய், செத்த நாய்,
முதல் மழைக்குத்தான் காத்திருக்கிறது
உள்ளே இறங்க.
எல்லாரும் கொண்டாடும் அன்று
கெளுத்திகள் மிதக்கும்.

திங்கள் காலை ஸ்டோருக்கு எழுதினேன்:
சீசா, இரண்டு டஜன் கூடுதல்.
காரணம் என்ற கட்டத்தில்
மழை.